பின்வாங்கும் படைக்கான சொற்கள்

திருவண்ணாமலையில் லத்தீன் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன் அநேகமாக நான் ஒருவன்தான். என்ன வேலை என்று யாராவது கேட்டால் மொழி டியூஷன் என்று சொல்லி நழுவிவிடுவேன். லத்தீன் என்று வாயைத் திறந்தால் அடுத்து "அது எதுக்குங்க?" என்று வரும். அதற்கு என்னிடம் ஒரு நாளும் நல்ல பதில் இருந்ததில்லை. சின்ன வயதில் குருமடத்தில் சேர்ந்து, சாமியாராகாமல் வீடு திரும்பியவன் நான். அங்கே கற்றதில் பலவும் போய்விட்டன, லத்தீன் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தது. இப்போது வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்றில் உட்கார்ந்து, லேப்டாப் வழியாக வெளிநாட்டுக்காரர்களுக்குப் பாடம் எடுக்கிறேன்.

அதிகம் எடுப்பது போர் உரைநடை. பழைய ரோமத் தளபதிகள் தங்கள் படையெடுப்புகளைத் தாங்களே எழுதிவைத்த பக்கங்கள். கவிதையைவிட இது சுலபம். படை கிளம்பும், நடக்கும், பாசறை போடும், மோதும், ஏதாவது ஒரு பக்கம் ஓடும். இதைச் சொல்ல அவர்களிடம் தேய்ந்துபோன கொஞ்சம் தொடர்கள் இருந்தன. அவற்றைப் பிடித்துக்கொண்டால் பக்கம் பக்கமாக வாசித்துப் போகலாம். 'காஸ்திரா மொவேரே' என்றால் பாசறையைப் பெயர்ப்பது, அதாவது கிளம்புவது. 'மாஞ்ஞிஸ் இத்தினெரிபுஸ்' என்பது சொல்லுக்குச் சொல் 'பெரிய வழிகளால்'. ஓய்வில்லாமல் அடித்துப் பிடித்து நடப்பதை அப்படிச் சொன்னார்கள். 'செர்த்சியோரெம் ஃபாச்செரே' என்றால் ஒருவனை 'இன்னும் நிச்சயமுள்ளவனாக ஆக்குவது'. ஒரு செய்தியைச் சொல்வதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். தளபதி பெரிய பெரிய ரோடுகளில் போனார் என்று எழுதுகிற மாணவர்கள் வருஷத்துக்கு நாலு பேராவது வருவார்கள். நான் திருத்துவேன். பதிலுக்கு அவர்கள் என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்கள் 'க' என்று படித்த இடத்தில் நான் 'ச' என்பேன். மாதா கோயில் லத்தீன் அப்படித்தான் வரும், இந்த வயதில் மாற்றிக்கொள்ள எனக்கு மனமில்லை.

என் அண்ணன் பட்டாளத்துக்குப் போனவர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவராவது போயிருப்பார்கள், அதனால் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஹவில்தாராக வெளியே வந்து, இப்போது ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் செக்யூரிட்டியாக இருக்கிறார். என் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். கான்டீன் சாமானைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார், சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நான் போரைப் பற்றிப் பாடம் எடுத்தே சாப்பிடுகிறேன், போருக்குப் போனவர் வாயைத் திறப்பதில்லை. இதை நான் கேலியாகச் சொல்வதுண்டு. அவர் சிரித்ததில்லை.

அவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்துக்காரர், விவசாயக் குடும்பம். இருவரும் ஒரே நாளில் ஆள் சேர்ப்பில் ஓடித் தேறி, ஒரே ரயிலில் போனவர்கள். வடக்கே ஒரு மலைச்சரிவில் நடந்த சண்டையில் அந்தச் சிநேகிதர் செத்துப்போனார். அண்ணன் ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுடா சாமி" என்று அம்மா கும்பிட்டாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே விட்டு எழுந்து போனார். அதன் பிறகு செங்கம் போகிற பஸ்ஸில் ஏறினால், அந்த ஊர் நிறுத்தம் வரும்போது எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வார்.

சிநேகிதரின் உடல் ஊருக்கு வந்தபோது, வழக்கப்படி மாமன் மச்சான்கள் சேர்ந்து குளிப்பாட்டினார்கள். கொடி போர்த்தி வந்த உடலை யாரும் குளிப்பாட்டத் தேவையில்லைதான். ஆனால் எங்கள் ஊர்களில் தண்ணீர் ஊற்றாமல் ஒருவரை அனுப்பிவைத்தால் மனசு ஆறாது. ஊற்றும்போது உடலைத் திருப்பினார்கள், காயம் முதுகில் இருந்தது. யாரோ ஒருவர் அதைப் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை, முதுகுல பட்டிருக்கு என்று மட்டும்தான் சொன்னார். அவ்வளவு போதுமானதாக இருந்தது. பட்டாசு வெடித்து, மாலை போட்டு, வீரவணக்கம் சொல்லி அடக்கம் செய்த அதே ஊர், அப்புறம் வருஷக்கணக்காக அந்த ஒரு சொல்லை மென்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? எனக்கே அது வேறு யாரோ சொல்லித்தான் தெரியும்.

போன வருஷம் அந்த ஊர்க்காரர்கள் அவருக்கு நினைவுக்கல் வைக்க முடிவு செய்தார்கள். கல்லில் பொறிக்க ஒரு வரி கேட்டு அவருடைய சித்தப்பா மகன் என்னைத் தேடி வந்தார். பஸ் நிறுத்தத்தில் வைக்கப்போகிற ஃப்ளெக்ஸ் பேனரின் மாதிரியைப் போனில் காட்டினார். சிநேகிதரின் சீருடைப் படத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சிங்கங்கள் நின்றன.

"சார், நீங்க நாலு பாஷை படிச்சவரு. வரி நச்சுனு இருக்கணும். புறமுதுகு காட்டாத வீரன்னு கண்டிப்பா வந்துடணும்."

"எல்லாக் கல்லுலயும் அதைத்தானேங்க போடறாங்க. வேற மாதிரி எழுதலாமே?"

"வேற இன்னா வேணா சேத்துக்கோங்க சார். அது மட்டும் கம்மி ஆகக்கூடாது. எங்க அண்ணி கேட்டதே அந்த ஒரு வரிதான். பொண்ணு வளந்துடுச்சு. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து டீக்கடையில விசாரிப்பான், எவனாவது வாய வச்சிக்கினு சும்மா இருப்பானா? உங்க அண்ணன் வந்து கல்லைத் தெறந்துவச்சு ரெண்டு வார்த்தை பேசணும். கூட இருந்தவரு அவரு ஒருத்தருதான். அவரு வாயால சொல்லிட்டா முடிஞ்சுது."

அன்று சாயங்காலம் அண்ணனிடம் சொன்னேன். வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். முழுதாகக் கேட்டுவிட்டு, பக்கெட்டில் மிச்சமிருந்த தண்ணீரைச் சக்கரத்தின்மேல் ஊற்றினார்.

"நான் வரல. அந்த வரிய நீ எழுதாத."

"ஏன்ணா?"

"எழுதாதன்னா எழுதாத."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு பெண்பிள்ளை இத்தனை வருஷம் தலைகுனிந்து நடந்திருக்கிறாள், அவளுக்காக நாலு வார்த்தை பேச இவருக்கு என்ன கேடு என்று நினைத்தேன். கூடவே ஒரு பயமும் வந்தது. சண்டையில் ஓடியது அந்தச் சிநேகிதர்தானா, இல்லை அண்ணனா?

அந்த வாரம் எனக்கு வாய்த்த பாடம் பின்வாங்குதல். என்னிடம் நேரில் படிக்கிற ஒரே ஆள், ஒரு வெளிநாட்டு அம்மாள். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர். பள்ளியில் பாதியில் விட்ட லத்தீனைச் சாவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம். செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயில் உட்கார்ந்து வாசிப்போம். அவருக்குச் சில தொடர்களை விளக்கினேன். 'தெர்கா வெர்த்தெரே' என்றால் முதுகைத் திருப்புவது, நாம் சொல்கிற புறமுதுகேதான். 'சலூத்தெம் ஃபூகா பெத்தெரே' என்றால் உயிர்ப்பிழைப்பை ஓட்டத்தில் தேடுவது. 'பெதெம் ரெஃபெர்ரே' என்றால் காலைத் திரும்பக் கொண்டுவருவது. எதிரியைப் பார்த்தபடியே அடி அடியாகப் பின்னால் வருவதற்கு அது. 'சே ரெச்சிப்பெரே' என்பது 'தன்னைத் திரும்ப எடுத்துக்கொள்வது'. கட்டுக்குலையாமல் பாசறைக்குத் திரும்புவது.

அந்த அம்மாள் பென்சிலால் பக்கத்தைத் தட்டினார். "நன்றாகப் பார். எதிரிகள் பின்னால் போனால் முதுகைத் திருப்புகிறார்கள். இதை எழுதிய தளபதியின் ஆட்கள் பின்னால் போனால் தங்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு தரப்பும் ஓடியது ஒரே மாதிரிதானே இருந்திருக்கும்?"

இத்தனை வருஷம் இதே பக்கங்களை எடுத்தவன் நான். தளபதி தன் ஆட்களைக் கொஞ்சம் பார்த்துத்தான் எழுதுவான் என்று போகிறபோக்கில் சொல்லியும் இருக்கிறேன். அன்றைக்கு அது வேறு மாதிரிப் பட்டது. ஓர் ஆள் ஓடினானா திரும்பினானா என்பதை முடிவு செய்வது, அப்புறம் உட்கார்ந்து எழுதுகிறவன். இப்போது எழுதப்போகிறவன் நான். அப்படியானால் அந்த மனுஷனுக்கு ஒரு கௌரவமான சொல்லைக் கொடுத்துவிட்டால் போகிறது. எனக்கு உற்சாகமே வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

பாடம் முடிந்து நேராக அண்ணன் வேலை பார்க்கிற கெஸ்ட் ஹவுஸுக்கு நடந்தேன். நல்ல வெயில். கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, கற்றதையெல்லாம் அவரிடம் கொட்டினேன். ரோமாபுரிக்காரன் என்ன சொன்னான், எதிரிக்கு ஒரு சொல், தன் ஆளுக்கு ஒரு சொல், முகத்தைத் திருப்பாமல் பின்வாங்குவதற்குத் தனிச்சொல், எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதனால புறமுதுகுங்கற பேச்சே வேணாம்ணா. கடைசிவரை எதிரியைப் பார்த்தபடியே அடி அடியாப் பின்வாங்கினார்னு எழுதிடறேன். பெருமையாவும் இருக்கும், பொய்யாவும் இருக்காது."

அண்ணன் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"உன் ஆளு எங்க இருந்து பாத்தான்?"

"யாரு?"

"எழுதினவன். குதிர மேல உக்காந்துக்கினு மேட்டுல இருந்து பாத்திருப்பான். அங்கேருந்து பாத்தா யாரு எந்தப் பக்கம் திரும்பியிருக்கான்னு நல்லாத் தெரியும். எனக்கு வார்த்தை தேடிக் குடுக்க வந்துட்டியாடா?"

"இல்லண்ணா…"

"அடி அடியால்லாம் வரலடா. அவன் முதுகக் காட்டிக்கினுதான் ஓடியாந்தான். முதுகக் காட்டாம எப்படி ஓட முடியும்?"

அப்புறம் சொன்னார். கேட்டைப் பார்த்தபடியே, யாருக்கோ வழி சொல்கிற குரலில் சொன்னார். விடிகிற நேரம். கீழே ஓடைக்கரைச் சுவர் வரைக்கும் இறங்கிவிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கினால் எல்லாரும் சாவார்கள். அதனால் ஜோடி ஜோடியாகத்தான் இறங்குவது. ஒருவன் பாறை மறைவில் கிடந்து எதிரி தலைதூக்காமல் சுட்டுக்கொண்டே இருப்பான், மற்றவன் எழுந்து அடுத்த மறைவுக்கு ஓடுவான். ஓடிச் சேர்ந்ததும் அவன் சுடுவான், முதலாமவன் எழுந்து ஓடிவருவான். ஓடுகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் வேகம் குறையும். அண்ணனும் சிநேகிதரும் ஒரு ஜோடி. கடைசி ஜோடி.

"மொதல்ல போற முறை எனக்கு. போயிட்டேன். படுத்துட்டு, சுட ஆரம்பிச்சு, வாடான்னு கை காட்டுனேன். அவன் எழுந்து வந்தான். நான் நிறுத்தவே இல்லடா, சுட்டுக்கினேதான் இருந்தேன். அவனுங்க எடப்பக்கத்துலயும் ஆள் வச்சிருந்தது எனக்குத் தெரியல. அவன் முதுக நான்தான் பாத்துக்கணும். அதுதான் முறை. என்ன நம்பித்தான் திருப்பினான்."

வலது கையை மடியிலிருந்து எடுத்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார். "காட்டின கை இது."

எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்லுக்குச் சொல் மாற்றிப்போட்டு ஒரு மனுஷனை ஆற்றிவிடலாம் என்று டீ வாங்கிக்கொண்டு வந்தவன் நான். ஒருவன் ஓட ஒருவன் காக்கிற அந்த வேலைக்கு எனக்குத் தெரிந்த லத்தீன் பக்கங்களில் தொடர் எதுவும் இல்லை. அங்கே ஆயிரம் பேர் சேர்ந்து முதுகைத் திருப்புவார்கள், அடுத்த வரியில் பொழுது சாய்ந்துவிடும்.

"இதை அவங்க வீட்டுல சொல்லியிருக்கியாண்ணா?"

"என்னான்னு சொல்றது? உன் புருஷன வான்னு கூப்பிட்டு சாவக் குடுத்தேன்னா?" காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்து, "சொல்லாமலும் கல்லைத் தெறக்க முடியாது" என்றார்.

அண்ணனுக்கு லீவு கிடைத்த நாளில், சிநேகிதரின் ஊருக்குப் போக இருவரும் செங்கம் பஸ் ஏறினோம். கிரிவலக் கூட்டம் இல்லாத நாள், உட்கார இடம் கிடைத்தது.   சிநேகிதரின் மனைவி எழுந்து நின்று மண்ணை வாரித் தூற்றிவிட்டால் என்ன செய்வது? அவளுக்கு உரிமை உண்டு. இத்தனை வருஷம் ஊர் சொன்ன பழியை அவள் சுமந்தாள். அந்தப் பழியைத் தீர்க்கக்கூடிய ஒரே ஆள் பக்கத்து டவுனில் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு வாயை அடைத்திருந்தான். நான் அவளாக இருந்தால் விடமாட்டேன்.

ஓட்டு வீட்டை ஒட்டி, பாதி கட்டிய ஒரு மாடி வீடு. அந்த அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். காலேஜ் படிக்கிற மகள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா சாகும்போது பிறக்காத பிள்ளை. அண்ணன் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார். அவள் புத்தகத்தோடு உள்ளே போய்விட்டாள்.

அந்த அம்மா என்னிடம், "வரி எழுதிட்டீங்களா சார்?" என்றார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

அண்ணன் சொன்னார். என்னிடம் சொன்னதைவிடக் குறைவாக, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னார். உத்தரவு, ஜோடி, முறை, கை காட்டியது, இடப்பக்கம். முதுகில் பட்டது நிஜம் என்றும், அந்த முதுகைக் காக்க வேண்டியவன் தான்தான் என்றும் சொன்னார். "மன்னிச்சிடும்மான்னு கேக்க எனக்கு வாய் வரல. ஊரு சொல்றது பொய்யின்னு மட்டும் சொல்ல வந்தேன். எல்லாருக்கும் கடைசியா இறங்கினவன் அவன்தான்" என்று முடித்தார்.

அந்த அம்மா முந்தானையை விரலில் சுற்றினார். வாசலில் கட்டியிருந்த மாடு கயிற்றை இழுத்தது. மண்ணை வாரித் தூற்றப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"அவரு ஓடியாந்தாருன்னா… உங்களப் பாத்துதானே ஓடியாந்தாரு?"

"ஆமாம்மா."

"அப்ப நீங்க அவரு மூஞ்சியப் பாத்தீங்க."

அண்ணன் நிமிர்ந்தார். இதை யாரும் அவரிடம் கேட்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எல்லாரும் முதுகுதாண்ணா பேசுனாங்க. இத்தினி வருஷமா முதுகு, முதுகு. எனக்குக் கடைசி மூஞ்சின்னா பெட்டியில பாத்ததுதான். எப்படி இருந்தாரு? பயந்துக்கினாரா?"

அண்ணன் அவரைப் பார்த்துச் சொன்னார்.  "இல்லம்மா. வாயத் தொறந்து என்னவோ கத்திக்கினு வந்தான், சத்தத்துல கேக்கல. மூச்சு வாங்குச்சு. தொப்பி ஒரு பக்கமா சாஞ்சிருந்துச்சு. என் கண்ணையேதான் பாத்தான். பயம் இல்லம்மா. வந்து சேந்துட்டோம்னு நெனச்ச மூஞ்சி."

அந்த அம்மா அழுதார். அண்ணனும் அழுதார், நான் அவர் அழுது பார்த்தது அன்றுதான். பிறகு அந்த அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கல்லுல பேரும் ஊரும் போட்டாப் போதுங்க சார். கொழுந்தன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எழுந்து போய் உள்ளே எட்டிப் பார்த்து மகளைக் கூப்பிட்டார். அவள் வந்து அம்மாவைப் பார்த்து மிரண்டுபோய் நின்றாள். கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அண்ணனுக்கு எதிரே நகர்ந்து உட்கார்ந்தார்.

"இவளும் கேக்கட்டும்ணா. இன்னொரு வாட்டி, மொதல்லருந்து சொல்லுங்க."

அண்ணன் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தார். "அப்போ விடியற நேரம்மா" என்று ஆரம்பித்தார்.